இமேஜ்-ஜேயும் 850 ரூபாய் வெர்னியரும்: ஓராண்டு செதில் எண்ணிப் பார்த்த அனுபவம்

எங்கள் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் பாம்பு ஜாடிகள் மட்டும் 43 இருக்கின்றன. பாதிக்கு மேல் நான் பிறப்பதற்கு முன்பே அலமாரி ஏறியவை. அந்தக் காலத்தில் யார் பதப்படுத்தினார்களோ, பாம்பை நீட்டி வைக்கப் பொறுமை இருந்திருக்கவில்லை. ஜாடியின் வாய்க்கு ஏற்றபடி சுருட்டித் திணித்து ஃபார்மலினை ஊற்றிவிட்டார்கள். சுருண்ட கோலத்திலேயே உடம்பு இறுகிவிட்டது. இப்போது வலிந்து நீட்டினால் தோல் வெடிக்கும், முதுகெலும்பு ஒடியும். இருபது ஆண்டுகளாக நானும் அந்த ஜாடிகளைத் தூக்கிக் காட்டி, பெயரைச் சொல்லி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் படம் வரைந்தார்கள், பாகம் குறித்தார்கள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், பச்சைப்பாம்பு ஒல்லி, கண்ணாடி விரியன் தடிப்பு என்று எழுதச் சொல்கிறீர்கள். எத்தனை மடங்கு ஒல்லி, எத்தனை மடங்கு தடிப்பு என்று எண்ணில் எழுத முடியாதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஜாடியில் சுருண்டு கிடக்கும் ஒன்றின் நீளத்தை எப்படி அளப்பது? ஊறிப்போன வயிற்றின் பருமனை எப்படி நம்புவது? அந்தக் கேள்விக்காக வாங்கிய கருவிகளும் தரவிறக்கிய இமேஜ்-ஜே என்ற மென்பொருளும் ஓராண்டில் எப்படி உழைத்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியிலோ பள்ளியிலோ இப்படிப்பட்ட ஜாடிகளை வைத்திருப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம். உயிருள்ள பாம்பைப் பிடித்து அளக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அலமாரியில் இருப்பதையே நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.

முதலில், ஏன் செதில். பெரும்பாலான பாம்புகளில் வயிற்றின் குறுக்கே பட்டை பட்டையாக ஓடும் அகலச் செதில் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு முதுகெலும்பு முள்ளுக்கும் ஒரு ஜோடி விலா எலும்புக்கும் நேராக அமைந்திருக்கிறது. எனவே வயிற்றுச் செதில்களை எண்ணினால், எக்ஸ்ரே இல்லாமலே உடலில் ஏறத்தாழ எத்தனை முள்ளெலும்புகள் என்று தெரிந்துவிடும். உடம்பைச் சுற்றி எத்தனை வரிசைச் செதில்கள் என்று எண்ணினால் அது பருமனின் பக்கத்தைச் சொல்லும். இந்த எண்ணிக்கைகள் கருவிலேயே முடிவாகிவிடுகின்றன. குட்டி வளர வளரச் செதில் பெரிதாகுமே தவிர எண்ணிக்கை கூடாது. எலியை விழுங்கியிருந்தாலும், வயிற்றில் முட்டை இருந்தாலும், ஃபார்மலினில் ஊதியிருந்தாலும், ஆல்கஹாலில் சுருங்கியிருந்தாலும் எண்ணிக்கை அப்படியே நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் பாம்புகளைப் பிரித்ததே வயிற்றுச் செதிலையும் வாலடிச் செதிலையும் எண்ணித்தான். நம்முடைய சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட நூலிலும் அதே வழக்கம்தான். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் அவரே.

இனி கருவிகள்.

இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் டிஜிட்டல் வெர்னியரை இரண்டு முறை வாங்கினேன். முதலில் இணையத்தில் 300 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஒன்று. தாடைகளைச் சற்று அழுத்தினாலே வளைந்து கொடுத்தது. ஒரே நாணயத்தை மூன்று முறை அளந்தால் மூன்று விடை. திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் 850 ரூபாய்க்கு 150 மில்லிமீட்டர் எஃகு வெர்னியர் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு துளைக்கருவி முனையை எடுத்து அதன் விட்டத்தை அளந்து காட்டி, தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளியில் கீற்று தெரிகிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். அந்த ஒரு சோதனையை வெர்னியர் வாங்கும் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும்.

இந்த வெர்னியர் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டோம். நல்ல பாம்பின் தலை அகலத்தை மூன்று பேர், ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் அளந்தோம்: 24.08, 24.11, 24.10. அதே பாம்பின் நடுவுடல் அகலத்தை அளந்தோம்: 18.42, 17.60, 19.05. கருவி ஒன்றே, கைகளும் அவையே. தலைக்குள் எலும்பு இருக்கிறது, தாடை அதில் முட்டி நிற்கிறது. உடம்பில் நிற்க இடமில்லை. யார் எவ்வளவு அழுத்துகிறார்களோ அதுதான் விடை. ஆகவே தலை நீளம், தலை அகலம், கண்ணின் குறுக்களவு, கண்களுக்கு இடைப்பட்ட தூரம் ஆகியவற்றுக்கு இந்த வெர்னியரை மனமார நம்புகிறேன். உடல் பருமனுக்கு நம்புவதில்லை. திரையில் இரண்டு தசம இடங்கள் தெரிகின்றன என்பதற்காக அவ்விரண்டையும் நோட்டில் எழுத வேண்டியதில்லை. நாங்கள் ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. இதன் தண்டில் ஈரம் பட்டால் எண்கள் தாறுமாறாகத் தாவும். ஆல்கஹாலில் இருந்து எடுத்த பாம்பை அளக்கும்போது ஈரம் படாமல் இருக்காது. பழைய பருத்தித் துணி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவுக்கும் துடைத்து, தாடைகளை மூடிப் பூச்சியம் வருகிறதா என்று பார்க்கிறோம். அடுத்தது பொத்தான் பேட்டரி. அணைத்து வைத்தாலும் சிறிது சிறிதாகத் தீர்ந்துகொண்டே இருக்கிறது. மாலையில் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் தனியாக வைத்துவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இவை தவிரக் குறையொன்றும் இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

யூஎஸ்பி நுண்ணோக்கி ஒன்றும் வாங்கினோம். பெட்டியில் 1000 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சடித்திருந்தது. அதில் கால்வாசியைக்கூட நான் பார்க்கவில்லை. செதிலின் நடுவே மேடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க உதவுகிறது. வேறு எதற்கும் பயன்படவில்லை. அந்தப் பணத்துக்கு விளக்கோடு கூடிய நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கலாம். பிறகு வாங்கினோம், இப்போது எல்லா வேலையும் அதன் கீழேதான் நடக்கிறது.

மென்பொருள் இமேஜ்-ஜே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கியது. 1997 முதல் இருக்கிறது. மருத்துவ, உயிரியல் படங்களை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. விலை கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நிறுவ வேண்டிய அவசியமும் இல்லை. சுருக்கிய கோப்பை விரித்தால் அப்படியே ஓடுகிறது. எங்கள் துறையின் கணினி பழையது. வேர்டு கோப்பைத் திறக்கவே மூச்சு வாங்கும். அதில் இது சுணங்காமல் ஓடுகிறது. திறந்ததும் ஒரு சின்னப் பட்டைதான் திரையில் தெரியும், வேறொன்றும் இராது. முதன்முதலில் பார்க்கும் மாணவர்கள் பாதிதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். அவ்வளவுதான் அதன் முகம். உள்ளே பெரிய பட்டறையே இருக்கிறது.

வேலை இப்படி நடக்கிறது. பாம்பின் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கிறோம். படத்தைத் திறந்து, அளவுகோலில் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து, 'அனலைஸ்' பட்டியலில் 'செட் ஸ்கேல்' என்பதைத் தட்டி, இந்தக் கோடு 10 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு அந்தப் படத்தில் எந்தக் கோட்டை இழுத்தாலும் மில்லிமீட்டரிலேயே விடை வரும். வளைந்து கிடக்கும் உடம்புக்கு 'செக்மென்டட் லைன்' இருக்கிறது: முதுகின் நடுவே சொட்டுச் சொட்டாகப் புள்ளி வைத்துக்கொண்டே தலையிலிருந்து வால்வரை போகலாம். தட்டையாக, ஒரே மட்டத்தில் சுருண்ட பாம்புக்கு இதை மிஞ்சியது இல்லை. முன்பு நூல் வைத்து அளப்போம். நூலை யார் இழுத்துப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு சென்டிமீட்டர்வரை கூடும் குறையும். ஆனால் ஒரு சுருளின் மேல் இன்னொரு சுருள் ஏறி மறைத்திருந்தால் படம் தோற்றுவிடும். அங்கே பழைய நூல்தான்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். இதே பிழையைச் செய்துவிட்டு அளவுகளை வெளியிடுபவர்கள் இருப்பார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. முதல் மாதம் அளவுகோலை மேசைமேல் கிடத்திப் படம் எடுத்தோம். கேமரா மேசைக்கு 30 சென்டிமீட்டர் மேலே. பாம்பின் தலை உச்சி மேசையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அதாவது கேமராவுக்கு 27 சென்டிமீட்டர் தூரத்தில். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? 30ஐ 27ஆல் வகுத்தால் 1.11. பதினொரு சதவீதம் கூடுதல்! அந்த நல்ல பாம்பின் தலை அகலம் வெர்னியரில் 24.1; மென்பொருளில் 26.8 காட்டியது. மென்பொருள் மீது எந்தக் குற்றமும் இல்லை. கோலை எங்கே வைத்தோமோ அந்த மட்டத்துக்குத்தான் அது கணக்குச் சொல்லும். அந்த மாத அளவுகள் முழுவதையும் அடித்துவிட்டோம்.

இப்போது தீப்பெட்டிகளை அடுக்கி, அளவுகோலை முதுகின் உயரத்துக்குத் தூக்கி வைக்கிறோம். கேமராவையும் 60 சென்டிமீட்டருக்கு உயர்த்திவிட்டோம். தூரம் கூடக் கூட இந்தப் பிழை தானாகவே சுருங்கும். அதே 3 சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கே ஐந்து சதவீதம்தான் ஆகும், கோலையும் தூக்கிவிட்டால் அதுவும் போய்விடும். கேமராவை நேர் மேலே பிடிக்க ஸ்டாண்டு வேண்டும். வேதியியல் துறையிலிருந்து பியூரெட் ஸ்டாண்டு ஒன்றை இரவல் வாங்கினோம், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எண்ணுவதற்கு 'மல்ட்டி பாயின்ட்' கருவி. செதில் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சொடுக்கு. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் எண் விழுந்துகொண்டே வரும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும், தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்தாலும் 87 எங்கே நிற்கிறது என்று திரை சொல்லும். கையால் எண்ணியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தவறாக வைத்த புள்ளியை 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு அதன்மேல் சொடுக்கினால் எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது: புள்ளிகளோடு கூடிய படத்தை 'டிஃப்' வடிவில் சேமிக்க வேண்டும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் 'ஜேபெக்' என்று சேமித்துவிட்டேன். மறுநாள் திறந்தால் பாம்பு இருக்கிறது, 180 புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. செய்ததைத் திருப்பும் வசதியும் ஒரு படிக்கு மேல் போகாது. எனவே இருபது முப்பது செதிலுக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். தமிழில் இடைமுகம் இல்லாதது கிராமத்திலிருந்து வரும் இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஒரு தடைதான். பத்துப் பதினைந்து கட்டளைகளைத் தமிழில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

மென்பொருளால் முடியாத வேலையும் உண்டு. உடம்பைச் சுற்றியுள்ள வரிசைகளை ஒரே படத்திலிருந்து எண்ண இயலாது. உருண்ட உடம்பு அல்லவா, பக்கவாட்டில் போகப் போகச் செதில்கள் குறுகிக்கொண்டே போய்க் கடைசியில் மறைந்துவிடும். அங்கே ஊசிதான். இரண்டு ரூபாய் ஊசி ஒன்றைப் பென்சில் மரத்தில் குத்திக் கைப்பிடி செய்துகொண்டோம். ஒரு தலை நீளம் தள்ளிக் கழுத்தில் ஓரிடம், உடலின் நடுவில் ஓரிடம், கழிவாய்க்கு ஒரு தலை நீளம் முன்னால் ஓரிடம். ஒரு பக்கம் வயிற்றுச் செதிலை ஒட்டிய முதல் வரிசையில் தொடங்கி, சாய்வாக மேலே ஏறி, நடுமுதுகைத் தாண்டி, மறுபக்கம் சாய்வாக இறங்க வேண்டும். தண்ணீர்ப்பாம்பில் இது 19, 19, 17 என்று வரும். பின்னால் போகப் போக உடம்பு மெலிகிறது என்பதை அந்த 17 சொல்கிறது. பூந்தொட்டி மண்ணில் கிடைக்கும் புழுப்பாம்புக்குத் தலையிலிருந்து வால்வரை 20, 20, 20. ஒரே குழாய். அதைப் பார்த்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள்.

வயிற்றுச் செதிலை எண்ணுவதற்கும் விதி இருக்கிறது. 1951இல் பாம்பு ஆய்வாளர் ஹெர்ன்டன் டௌலிங் வகுத்தது: இரு பக்கமும் முதுகுச் செதிலின் முதல் வரிசை வந்து தொடுகிற வயிற்றுச் செதிலைத்தான் 'ஒன்று' என்று தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் தொண்டையில் இருப்பவை கணக்கில் வராது. கழிவாயை மூடும் செதிலும் வராது. வாலடியில் நுனிக் கூர்ச் செதிலை விட்டுவிட வேண்டும். இது தெரியாமல் தாடையிலிருந்தே எண்ணத் தொடங்கினால் நாலைந்து கூடிப்போகும்.

ஓர் எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று அருகிலிருந்து காட்டுகிறேன். ஜாடியிலிருந்து எடுத்த பச்சைப்பாம்பை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவியாகிவிட்டது. ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்கும், நுரையீரலுக்கும் கேடு என்பதால் சன்னல்கள் திறந்தே இருக்கும், கையுறை கட்டாயம். பச்சை நிறம் போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று. இப்போது பழைய தந்தத்தின் நிறம். உருப்பெருக்கியின் கீழே வயிற்றுச் செதில்கள் ஓலைக்கூரையில் ஓலை வேய்ந்ததைப் போல ஒன்றின் நுனி அடுத்ததன்மேல் படிந்து கிடக்கின்றன. ஊசி முனையைப் பின் விளிம்புக்கு அடியில் நுழைத்து மெல்லத் தூக்கினால் செதில் தூக்கிக் கொடுக்கும், விட்டால் படிந்துவிடும். பத்துச் செதிலுக்கு ஒருமுறை, எள் அளவு காகிதத் துண்டு ஒன்றை அந்த விளிம்பில் செருகுகிறோம். ஆய்வக உதவியாளர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவார்.

"நூற்று முப்பதா, நூற்று இருபதா அண்ணே?"

"முப்பதும்மா. காகிதத்தை எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று இருக்கும்."

பதின்மூன்று இருந்தது. அவர் விடை 178. நான் தனியாக எண்ணியபோது 179. மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து போனோம். ஓரிடத்தில் ஒரு செதில் இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் இரண்டாகவும் பிளந்திருந்தது. நான் வலப்பக்கமாக எண்ணியிருக்கிறேன். 178 என்று எழுதி, பிளவு இருக்கும் இடத்தையும் குறித்துவைத்தோம். இருவர் தனித்தனியாக எண்ணாத எந்த எண்ணையும் இப்போது எங்கள் நோட்டில் ஏற்றுவதில்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. பச்சைப்பாம்பு: வயிற்றுச் செதில் 178, நடுவுடல் வரிசை 15. அடுத்த ஜாடியின் கண்ணாடி விரியன்: வயிற்றுச் செதில் 166, நடுவுடல் வரிசை 29. முதல் எண்ணைப் பாருங்கள். அவ்வளவாக வித்தியாசம் இல்லை. முள்ளெலும்புக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளச் சங்கிலிதான். சுற்று வரிசையில்தான் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. 178ஐ 15ஆல் வகுத்தால் 11.9, 166ஐ 29ஆல் வகுத்தால் 5.7. "ஒல்லி" என்பதற்கு முதன்முறையாக எங்களிடம் ஓர் எண் இருந்தது. மாணவி அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்படியே நின்றாள். இந்த விகிதம் நாங்களாக வகுத்துக்கொண்ட எளிய கணக்கு. செதில்கள் எல்லாம் ஒரே அகலம் அல்ல என்பதால் இதை மட்டும் வைத்து வடிவத்தை முடிவு செய்துவிடக் கூடாது. அதனால்தான் இமேஜ்-ஜேயில் நடுமுதுகுச் செதிலின் அகலத்தை ஐந்து இடங்களில் அளந்து, தலை நீளத்தோடு ஒப்பிட்டுப் பக்கத்தில் எழுதுகிறோம். எண்ணிக்கையும் அகலமும் சேர்ந்தால்தான் பருமனின் கதை முழுமையாகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த ஜாடி கடல்பாம்புடையது. மீன்வலையில் சிக்கி வந்து, யாரோ ஒரு மீனவர் எங்கள் துறைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. தலை சுண்டுவிரல் நுனிகூட இராது. கழுத்து நீளமாக, பென்சில் போல. பின்னுடல் மட்டும் திடீரென்று பருத்து, பக்கவாட்டில் தட்டையாகிறது. பார்க்கிற எல்லோரும் "வயிற்றில் மீன் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் சொன்னேன். எண்ணிப் பார்த்தோம். கழுத்தைச் சுற்றி 19 வரிசை. பருத்த இடத்தில் 33. விழுங்கிய மீனால் தோல் விரியும், செதில்களுக்கு இடையே உள்ள மெல்லிய தோல் இழுபடும். ஆனால் புதிதாகப் பதினான்கு வரிசைகள் முளைக்காது. அந்தப் பருமன் பிறவியிலேயே உள்ளது. நூல்களைப் பார்த்ததில் மெலிந்த கழுத்துள்ள ஹைட்ரோஃபிஸ் கிராசிலிஸ் இனத்துக்குக் கழுத்தில் 17 முதல் 21, பருத்த இடத்தில் 30 முதல் 36 என்று இருந்தது. எங்கள் பாம்பு அதற்குள் சரியாக உட்கார்ந்தது. மணலுக்குள் வளை தோண்டி வாழும் விலாங்கு வகை மீன்களின் வளைக்குள் தலையையும் கழுத்தையும் நுழைத்து இரை எடுக்கும் வாழ்க்கை அது. வளைக்குள் போகும் பாதி ஒல்லி, வெளியே நீந்தும் பாதி பருமன். ஊசி முனையில் எண்ணிய இரண்டு எண்களில் அந்த வாழ்க்கை முழுவதும் எழுதியிருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போக எனக்கு மனமே வரவில்லை.

நல்ல பாம்பிலும் இப்படி ஒன்று உண்டு. படம் விரியும் இடத்தில் சுற்று வரிசைகள் நடுவுடலைவிட அதிகம். படத்தை மடித்து வைத்த ஜாடிப் பாம்பிலும் அந்தக் கூடுதல் வரிசைகள் அப்படியே இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்.

பல்லி, ஓணான் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றின் வயிற்றுச் செதிலுக்கும் முள்ளெலும்புக்கும் பாம்பில் உள்ளதைப் போன்ற நேர்க்கணக்கு இல்லை. அங்கே மூக்கு நுனியிலிருந்து கழிவாய்வரை, அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை, கை கால் எலும்புகள் என்று வெர்னியரின் ராஜ்யம்தான். அரணைக்கு நடுவுடல் வரிசை எண்ணலாம், பயன் தரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளை எடுத்தால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். அவற்றின் வயிற்றுச் செதில் பக்கத்துச் செதிலைவிடக் கொஞ்சம்தான் அகலம். ஊசி தடம் மாறிவிடும். எங்களிடம் இருக்கும் ஒன்றேயொன்றை ஐந்து முறை எண்ணினோம்.

இத்தனையிலும் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 'கட்டுவிரியன்' என்று லேபிள் ஒட்டிய மூன்று ஜாடிகளில் ஒன்று மற்ற இரண்டோடு ஒட்டவே இல்லை. விகிதம் விலகியது. அளவில்தான் பிழை என்று மறுபடி படம் எடுத்தோம், மறுபடி எண்ணினோம். கடைசியில் மாணவி உருப்பெருக்கியைக் கிட்டே இழுத்து, "மேடம், முதுகில் பெரிய அறுகோணச் செதில் இல்லையே" என்றாள். கட்டுவிரியனுக்கு நடுமுதுகு வரிசை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்டதாக இருக்கும். இதில் எல்லா வரிசையும் ஒன்றுபோல. புரட்டி வாலடியைப் பார்த்தோம். கட்டுவிரியனுக்கு ஒற்றைச் செதிலாக இருக்க வேண்டியது இங்கே இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தது. ஓநாய்ப்பாம்பு. நஞ்சில்லாத, வீட்டுச் சுவரில் பல்லி தேடும் பாவப்பட்ட பாம்பு. இருபது ஆண்டுகள் நான் அதைக் கையில் தூக்கி, "இதுதான் கட்டுவிரியன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இதைப் பார்த்து அஞ்சி அடித்துக் கொன்றிருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. புதிய லேபிள் எழுதினோம். பழையதைக் கிழிக்கவில்லை, ஜாடியின் பின்பக்கம் ஒட்டி, திருத்திய தேதியையும் செதில் எண்ணிக்கையையும் அதன் கீழே எழுதியிருக்கிறோம்.

வாங்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் வாங்குங்கள்: முதலில் விளக்கு வைத்த உருப்பெருக்கி, பிறகு எஃகு வெர்னியர். ஊசியும் நூலும் வீட்டிலேயே இருக்கும். கேமராவுக்குக் கைபேசி போதும், ஆனால் ஸ்டாண்டில் மாட்டி நேர் கீழே பார்க்க வைக்க வேண்டும். கையில் பிடித்து எடுத்த படத்தை அளக்காதீர்கள். யூஎஸ்பி நுண்ணோக்கியைக் கடைசியில் யோசிக்கலாம். இமேஜ்-ஜேயை இன்று மாலையே தரவிறக்கி, ஒரு ரூபாய் நாணயத்தைப் படம் எடுத்து, அதன் விட்டத்தை வெர்னியரிலும் அதிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை பாம்பின் பக்கம் போக வேண்டாம். இமேஜ்-ஜேவுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். தமிழில் ஒரு செயல்முறைக் கையேடு எழுதும் வேலை நம்மைப் போன்ற ஆசிரியர்களுடையது, அதை நான் தொடங்கிவிட்டேன்.

இதுவரை 31 ஜாடிகள் முடிந்திருக்கின்றன. மிச்சமிருப்பதில் மலைப்பாம்பு ஒன்று. நடுவுடலில் அறுபது வரிசைகளுக்குக் குறையாது, வயிற்றுச் செதில் இருநூற்றைம்பதை ஒட்டி வரும். ஜாடியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். வரும் சனிக்கிழமை காலை அண்ணனும் மாணவியும் வருகிறார்கள். தண்ணீரில் ஊறவைக்க வீட்டிலிருந்து பெரிய அலுமினிய அண்டாவை எடுத்துப் போகிறேன்.